புக்கிட் தீமாக் காடும் மக்கள் காலடியும்

சிங்கப்பூரின் இயற்கை நிலத்தில் எல்லாவற்றினும் உயர்ந்த இடம் 163 மீட்டருக்குச் சற்று மேற்பட்டது. நீலகிரியையும் கேமரன் மலையையும் கண்டு பழகியவர் இதனை மலை என்று சொல்லத் தயங்குவர். குன்று என்பதே பொருத்தமான சொல். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை காலையில் புக்கிட் தீமா அடிவாரத்தில் காணும் கூட்டம், பெரியதொரு மலைத்தலத்திற்கு உரிய கூட்டமாகவே இருக்கும். பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்து மெல்ல ஏறும் முதியோர், முதுகில் கனத்த பையைச் சுமந்து ஏறி இறங்கி மீண்டும் ஏறும் இளைஞர், பறவை பார்ப்போர், ஓடுவோர் எனப் பல திறத்தாரும் அங்கு வருகின்றனர். கனத்த பை சுமப்போருள் பலர் வெளிநாட்டுப் பனிமலைகளில் ஏறுவதற்குப் பயிற்சி பெறுவோர். வேறு உயர்ந்த இடம் இல்லாத தீவில், ஒரே குன்றைப் பத்து முறை ஏறித்தான் பெருமலையை ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

இக்குன்றைச் சூழ்ந்துள்ள இயற்கைக் காப்பகத்தின் பரப்பு ஏறத்தாழ 163 ஹெக்டர். நகரின் நடுப்பகுதியிலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவிலேயே இஃது உள்ளது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆண்டுதோறும் 400,000 பேர் அளவில் வந்து சென்றுகொண்டிருந்த இக்காப்பகம், 2014 செப்டம்பரில் பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டது. இடையில் ஒரு பகுதி மட்டும் வார இறுதிகளில் திறந்துவிடப்பட்டது. முழுமையாகத் திறந்தது 2016 அக்டோபர் 22-ஆம் நாள். கட்டடம் பழுதாவதும் சாலை பழுதாவதும் யாவரும் அறிந்தவை. காடு பழுதாவது எவ்வாறு? அதனைப் பழுதாக்கியது தீயுமன்று, கோடரியுமன்று. அதனை விரும்பி வந்த மக்களின் காலடியே ஆகும். அங்ஙனமாயின், மக்களை வருக என்று அழைக்கவும் வேண்டும், அவர்கள் வருகையால் காடு அழியாமல் காக்கவும் வேண்டும் என்னும் இரு கடமையையும் ஒரு நகரம் எவ்வாறு ஒருங்கே ஆற்றுவது? நகரமே நாடாக அமைந்த சிங்கப்பூரில் இக்கேள்வி பிற இடங்களைவிடக் கூர்மையானது. காட்டைத் தொலைவில் வைத்துக் காக்க இங்குத் தொலைவு என்பதே இல்லை.

குன்றின் பெயரிலேயே ஒரு புதிர் உண்டு. மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. தீமா என்பது ஈயம். ஆனால் இக்குன்றோ கருங்கல்லால் ஆனது. அதன் அடிவாரத்தில் பல்லாண்டு நடைபெற்றதும் கருங்கல் உடைக்கும் தொழிலே. எனவே, தெமாக் என்னும் மரத்தின் பெயரே மருவித் தீமா ஆயிற்று என்று கருதுவோரும் உளர். கருங்கல் குன்றை ஈயக்குன்று என்பதைவிட மரக்குன்று என்பது பொருந்தும் எனலாம்.

மரங்களாலேயே இக்குன்று உலகப் புகழ் பெற்றது. 1854-இல் ஆங்கிலேய இயற்கை நூலறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் சிங்கப்பூருக்கு வந்து, புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் தங்கினார். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அவர் சேர்த்த வண்டினங்கள் மட்டும் 700 வகை. அவற்றுள் மிகப் பலவும் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டில் கிடைத்தவை என்று அவர் தம் நூலில் எழுதியுள்ளார். அதற்கு அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று கருதத்தக்கது. சீனத் தொழிலாளர் அங்கு மரம் வெட்டிப் பலகை அறுத்து வந்தனர். வீழ்ந்த மரம், உதிர்ந்த பட்டை, மரத்தூள், மட்கும் இலை ஆகியன வண்டுகளுக்கு விருந்தாயின. அதாவது, அறிஞர் கண்ட பெருவளம், அழிவு தொடங்கிய நாளில் கண்ட வளம்.

அந்நாளில் இக்காட்டில் புலிகள் இருந்தன. அவற்றைப் பிடிக்க ஆழமான குழிகள் தோண்டிக் குச்சியாலும் இலையாலும் மூடி வைப்பர். முன்னாளில் குழியின் அடியில் கூரிய கழுமரம் ஒன்று நட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. வழிப்போக்கர் ஒருவர் அதில் விழுந்து இறந்த பின்னர் அது தடை செய்யப்பட்டது என்று வாலஸ் குறிக்கிறார். இங்கு வருவோர் நலங்கருதிப் பிறந்த மிகப் பழைய விதிகளுள் அதனை ஒன்றாகக் கொள்ளலாம். இன்று வழுக்கும் படியைப் பற்றி எச்சரிக்கும் பலகைகளைக் காண்போர் அக்குழிகளையும் நினைத்துக்கொள்வது நன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவின் காட்டைப் பெரும்பாலும் விழுங்கியது கம்பீர்ப் பயிர். கம்பீர் இலையைக் கொதிக்க வைத்துச் சாறு இறக்க விறகு வேண்டும். விறகுக்குச் சுற்றியுள்ள காடு வேண்டும். 15 அல்லது 20 ஆண்டுகளில் மண் சத்தற்றுப் போகவே, தோட்டக்காரர் அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை வெட்டச் சென்றனர். 1880-களின் தொடக்கத்தில் பூமலைத் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த நத்தானியேல் கேன்ட்லி, எஞ்சிய காடுகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அதன் பயனாகவே காட்டுக் காப்பகங்கள் ஏற்பட்டன. அவற்றுள் புக்கிட் தீமாவும் ஒன்று. பின்னர்ப் பிற காப்பகங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிய காலத்தும் இக்குன்று தப்பியது.

அண்மையில் உள்ள மற்றொரு காடு தப்பிய கதை வேறு. நகருக்குக் குடிநீர் வேண்டும் என்று வணிகப் பெருமகனார் டான் கிம் செங் 1857-இல் 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். பின்னர் அமைந்த நீர்த்தேக்கமே இன்று மெக்ரிட்சி எனப்படுவது. நகராட்சிப் பொறியாளர் ஒருவரின் பெயர் அது. நீர் தெளிவாக இருக்க வேண்டுமாயின், நீர் வடிந்து வரும் நிலத்தில் காடு இருந்தாக வேண்டும். ஆகவே நகராட்சி அக்காட்டைக் காத்தது. புலிக்காகவோ வண்டுக்காகவோ அன்று, குழாய்த் தண்ணீருக்காகவே அக்காடு பிழைத்தது. நோக்கம் எதுவாயினும் பயன் பெரிது. 1951-இல் இயற்கைக் காப்பகச் சட்டம் வந்தபோது, நகராட்சியின் நீர்ப்பிடிப்பு நிலமும் புக்கிட் தீமாவும் ஒருங்கே அதன் காவலில் அடங்கின. சிங்கப்பூர் நகரத் தகுதி பெற்றதும் அதே 1951-இல்தான். இன்று இவ்விரு காடுகளையும் தேசியப் பூங்காக் கழகம் பேணி வருகிறது.

இக்காட்டின் தன்மையை அறிந்தாலன்றிக் காலடியால் விளையும் கேடு விளங்காது. குன்றின் மேற்பகுதியில் தலைமை மரமாக நிற்பது செராயா. இருசிறகு விதை மரக் குடும்பத்தைச் சேர்ந்தது இது; சாம்பல் நிறம் கலந்த இதன் முடியைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். மலாயாவின் உள்நாட்டு மலைகளில் இது பெரும்பாலும் 300 மீட்டருக்கு மேலேயே வளரும். இக்கடற்கரைக் குன்றிலோ தாழ்ந்த உயரத்திலேயே வளர்ந்து நிற்கிறது. 1993-இல் ஆராய்ச்சியாளர் இக்காட்டில் 2 ஹெக்டர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள செடி முதல் பெருமரம் வரை ஒவ்வொன்றையும் எண்ணிக் குறித்தனர். அச்சிறு துண்டில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட மரவகைகள் இருந்தன. வட அமெரிக்கா முழுவதிலும் உள்ளதைவிட இக்குன்றில் மரவகை மிகுதி என்றொரு பேச்சு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அது மிகை. மெய்யான எண்ணே வியப்புக்குப் போதுமானதாக இருக்கும்போது பொய்யான எண் எதற்கு?

செராயா ஆண்டுதோறும் பூப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, காட்டிலுள்ள அதன் இனத்து மரங்கள் பலவும் ஒருங்கே பூத்துக் காய்க்கும். விதை சிறகு விரித்துச் சுழன்று விழும். நெல்லைப்போல் சேமித்து வைத்து முளைக்க வைக்கக் கூடிய விதையன்று அது. விழுந்த சில நாட்களிலோ வாரங்களிலோ முளைத்தாக வேண்டும், இல்லையேல் இறந்துபடும். முளைத்த கன்றும் உடனே வளர்வதில்லை. பெருமரம் ஒன்று சாய்ந்து மேலே வெளிச்சம் திறக்கும் வரை, நிழலில் முழங்கால் உயரத்திலேயே பல ஆண்டு காத்திருக்கும். பாதையோரத்தில் காணும் மெலிந்த சிறு கன்று ஒன்று பத்தாண்டு வயதுடையதாக இருக்கலாம். நிழற்படம் எடுப்பதற்காக இரண்டு அடி விலகி நிற்பவர் மிதிப்பது புல்லன்று. நூறாண்டுக்குப் பின் முடியுயர்த்தி நிற்க வேண்டிய மரத்தை.

மண்ணுக்கு நேர்வது இதனினும் பெரிது. வெப்பநாட்டு மழைக்காட்டில் சத்து மண்ணின் ஆழத்தில் இல்லை. மேற்பரப்பில் கிடக்கும் இலைச்சருகிலும் அதன் கீழுள்ள மெல்லிய மண்ணிலுமே உள்ளது. எனவே மரங்களின் உணவு வேர்களும் மேற்பரப்பிலேயே வலைபோல் பரந்து கிடக்கின்றன. நல்ல காட்டு மண் நுண்துளை மிக்கது. மழைநீரும் காற்றும் அத்துளைகளின் வழியே உட்செல்லும். அம்மண் மீது ஒருவர் நடந்தால் கேடில்லை. ஆயிரவர் நடந்தால் துளைகள் மூடிக்கொள்கின்றன. சிறு வேர்கள் மூச்சடைத்து மடிகின்றன. உட்புக வழியில்லாத மழைநீர் பாதையையே வாய்க்காலாக்கிக் கொண்டு சரிவில் ஓடுகிறது. சருகையும் மேல்மண்ணையும் அடித்துச் செல்கிறது. வேர் வெளியே தெரிகிறது. வேரும் சேறும் கண்ட நடைஞர் காலணி அழுக்காகாமலிருக்கச் சற்று ஒதுங்கிப் பக்கத்தில் நடக்கின்றனர். அப்பக்கமும் இறுகுகிறது. மறுநாள் வருவோர் இன்னும் ஒதுங்குகின்றனர். இரண்டடிப் பாதை இவ்வாறே பத்தடிப் பாதையாகிறது. வளைந்து செல்லும் பாதையில் குறுக்குவழி ஒன்றை ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், ஒரே ஆண்டில் அது தலைமைப் பாதைபோல் ஆகிவிடும். இதில் தீயவர் ஒருவரும் இல்லை என்பதைக் கருத வேண்டும். ஒவ்வொருவரும் செய்தது மிகச் சிறியது. கூட்டினால் குன்றின் சரிவே சரியும் நிலைக்கு வந்தது.

2014-இல் தொடங்கிய பணி இவ்வறிவை அடிப்படையாகக் கொண்டது. தளர்ந்த சரிவுகள் உறுதி செய்யப்பட்டன. தேய்ந்த படிகள் திருத்தப்பட்டன. தாறுமாறாய்க் கிளைத்திருந்த குறுக்குவழிகள் மூடப்பட்டன. சில இடங்களில் தரைக்கு மேலே தூக்கி அமைத்த பலகைப் பாதைகள் போடப்பட்டன. இப்பலகைப் பாதையின் நுட்பம் எளியது, ஆயினும் எண்ணிப் பார்க்கத்தக்கது. நடப்பவரின் எடை முழுவதையும் சில தூண்கள் மட்டுமே தாங்குகின்றன. எஞ்சிய மண்ணின் மீது ஒரு காலடியும் படுவதில்லை. மழை கீழே இறங்குகிறது. சருகு சேர்கிறது. பல்லியும் தவளையும் பாதைக்கு அடியிலேயே இப்புறமிருந்து அப்புறம் செல்கின்றன. சேறு இல்லாமையால் ஒதுங்கி நடக்க எவருக்கும் தோன்றுவதில்லை. கைப்பிடி இருப்பதால் ஒதுங்கவும் இயலாது. தடை என்று தோன்றாமலே தடுப்பதுதான் அதன் திறமை.

கம்பியும் பலகையும் வைத்துக் காட்டைப் பூங்காவாக்கிவிட்டனர் என்று குறைகூறுவோர் உண்டு. அவர்கள் கூற்றை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் இயலாது. வேரைத் தாண்டி, சேற்றில் வழுக்கி, மரத்தைப் பிடித்து ஏறுவதில் ஓர் இன்பம் உண்டு; அவ்வின்பத்திற்காகவே பலர் காட்டுக்கு வருகின்றனர். ஆனால் அவ்வின்பம் ஆண்டுக்கு 400 பேர் வரும் காட்டில் கிடைக்கலாம். 400,000 பேர் வரும் காட்டில் அதனை எல்லார்க்கும் வழங்க முற்பட்டால், சில காலத்தில் எவர்க்கும் வழங்கக் காடு இராது. எளிதில் நடக்கக்கூடிய பாதை அமைந்ததால் வயது முதிர்ந்தோரும் சிறுவரும் காட்டின் நடுவே நிற்கும் வாய்ப்புப் பெற்றனர் என்பதையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும்.

அடிவாரத்தில் வருகையாளர் நிலையம் உள்ளது. காட்டின் வரலாற்றையும் உயிரினங்களையும் விளக்கும் காட்சிக்கூடம் அதில் அமைந்துள்ளது. அங்கிருந்து புறப்படும் நடைவழிகளுக்குச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நிறங்கள் இடப்பட்டுள்ளன. தம் உடல்வலிக்கும் நேரத்திற்கும் ஏற்ப ஒருவர் தேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலோர் எடுப்பது உச்சிக்கு நேரே செல்லும் தார்ச்சாலையையே. அச்செங்குத்தான சாலை பார்ப்பதற்கு அழகில்லாததுதான். ஆயினும் காட்டுக்கு அது செய்யும் நன்மை பெரிது. உச்சியை மட்டும் கருதி வருவோரை எல்லாம் அதுவே ஏற்றுக்கொள்கிறது.

விதிகளைப் பற்றிப் பேசும்போது மக்கள் முகம் சுளிப்பது இயல்பு. காரணம் சொல்லப்படாத விதி எரிச்சலூட்டும். காரணம் தெரிந்த விதி அறிவூட்டும். நாய்களைக் காப்பகத்திற்குள் அழைத்து வரக் கூடாது என்பது ஒரு விதி. கயிற்றில் கட்டிய சாதுவான நாயால் என்ன கேடு என்று கேட்போர் 1987-இல் நடந்ததை அறிதல் வேண்டும். கறுப்பும் வெள்ளையுமான உடலுடைய இலையுண்ணும் குரங்கினம் ஒன்று புக்கிட் தீமாவில் வாழ்ந்து வந்தது. காடு சுருங்கச் சுருங்க அக்கூட்டமும் சுருங்கி ஒன்றே ஒன்று எஞ்சியது. மரத்திலிருந்து தரைக்கு இறங்கிய அதனை 1987-இல் நாய்க்கூட்டம் ஒன்று கடித்துக் கொன்றது. அத்துடன் இக்குன்றில் அவ்வினம் அற்றுப்போயிற்று. நடு நீர்ப்பிடிப்புக் காட்டில் மட்டும் அதன் சில குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. 1987-இல் கொன்றவை திரிந்து வாழும் நாய்களே, வளர்ப்பு நாய்களல்ல. எனினும் காட்டு விலங்குக்கு அவ்வேறுபாடு தெரியாது. நாயின் வாடையே அதனை ஒளிய வைக்கும்.

நெடுவால் குரங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்பது இன்னொன்று. தமிழர்க்கு இவ்விதி சற்றுக் கடினமாகத் தோன்றக்கூடும். குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பதை அறமாகக் கருதும் மரபு கோவில் மலைகளில் உண்டு. ஆனால் அக்கொடை குரங்குக்குச் செய்யும் தீங்கை எண்ண வேண்டும். காட்டில் இக்குரங்கு பழம் தேடி மரத்துக்கு மரம் செல்கிறது. கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு, அப்பால் சென்று, சதையைத் தின்று கொட்டையைத் துப்புகிறது. புக்கிட் தீமாவிலேயே நடைபெற்ற ஆராய்ச்சியில், காட்டு மரங்கள் பலவற்றின் விதையை இவ்வாறு பரப்புவது இக்குரங்கே என்று தெரியவந்தது. ரொட்டியும் கடலையும் சாலையோரத்தில் கிடைத்தால் அது ஏன் காட்டுக்குள் அலைய வேண்டும்? சாலையிலேயே காத்திருக்கும். பிளாஸ்டிக் பையின் சலசலப்பைக் கேட்டால் பாய்ந்து பிடுங்கும். பிடுங்கினால் மக்கள் அஞ்சிப் புகார் செய்வர். அதன் முடிவு குரங்குக்கே கேடு. முதலில் பழம் நீட்டிய கை, அன்போடு நீட்டிய கைதான். 2020 ஜூன் முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டப்படி, இக்குற்றத்தை முதல் முறை செய்வோர்க்கு 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் செய்வோர்க்கு 10,000 வெள்ளி வரையிலும் தண்டம் விதிக்கலாம்.

காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுவதும் காரணமின்றி அன்று. இக்காட்டின் பாலூட்டிகள் பலவும் இரவில் நடமாடுவன. பகலை மனிதர்க்கும் இரவை விலங்குக்கும் பங்கிட்டுக் கொடுத்த ஏற்பாடு அது.

கண்ணில் படாத சிற்றுயிர் ஒன்றையும் ஈண்டுக் குறிக்க வேண்டும். இக்குன்றின் ஓடையில் வாழும் சிறு நன்னீர் நண்டு ஒன்றைப் புதிய இனம் என்று உயிரியல் அறிஞர் பீட்டர் இங் 1986-இல் உலகுக்கு அறிவித்தார். சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நண்டு அது. விரலிரண்டு அகலம்கூட இல்லாத அவ்வுயிர், முதலில் கண்டறியப்பட்ட இடத்திலேயே பின்னர் அரிதாகிவிட்டது. ஓடைநீரில் அமிலத்தன்மை கூடியது காரணமாகலாம் என்று அறிஞர் ஐயுறுகின்றனர். ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டும் சிறுவன் அந்நண்டைக் காண்பது அரிது. ஆனால் அதன் வீட்டுக் கூரையை அவன் பெயர்த்துவிடக் கூடும்.

ஓடுவோரும் நடப்போரும் போதாதென்று மிதிவண்டிக்காரரும் குன்றை நாடினர். அவர்களை விரட்டுவது எளிது. விரட்டினால் மறைவான வழியில் வருவர். ஆகவே குன்றின் அடிப்புறத்தைச் சுற்றி 6 கிலோமீட்டர் அளவில் தனிப்பாதை அமைத்துக் கொடுக்கப்பட்டது. நடைவழிகளில் வண்டிக்கு இடமில்லை. மெக்ரிட்சிக் காட்டில் 2004-இல் திறக்கப்பட்ட மரமுடிப் பாலத்திலும் இதே அறிவைக் காணலாம். இரு மேடுகளுக்கு இடையே 250 மீட்டர் நீளத்தில் தொங்கும் அப்பாலம், மிக உயர்ந்த இடத்தில் தரைக்கு மேல் 25 மீட்டர் உயரத்தில் உள்ளது. மரங்களின் முடியில் நடப்பதைக் காண எல்லார்க்கும் ஆசை. ஆனால் ஒரு நேரத்தில் 30 பேருக்கு மேல் ஏறக் கூடாது. ஒரு திசையில்தான் செல்லலாம். கட்டணம் வாங்கிக் கூட்டத்தைக் குறைப்பதைவிட, வரிசையில் நிறுத்திக் குறைப்பது நேர்மையானது. வெள்ளி உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் ஒரே காத்திருப்பு.

இவ்வளவு செய்தும் கூட்டம் குறையவில்லை. 2020-இல் கொள்ளைநோயினால் வெளிநாட்டுப் பயணம் நின்றபோது, தீவு முழுவதும் காட்டை நோக்கித் திரும்பியதுபோல் மக்கள் திரண்டனர். காட்டுக்குள் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது மட்டும் போதாது, கூட்டம் சென்று தங்க வேறிடமும் வேண்டும் என்னும் கருத்து அதற்கு முன்பே தோன்றியிருந்தது. காப்பகத்தைச் சூழ்ந்து இயற்கைப் பூங்காக்களை அமைத்து, உலாவவும் ஓடவும் குடும்பத்தோடு அமரவும் விரும்புவோரை அவற்றில் ஏற்பது அத்திட்டம். ஹிண்ட்ஹீட் பூங்கா 2001-இலும், டேரி பார்ம் பூங்கா 2009-இலும் திறக்கப்பட்டன. 2022 நவம்பரில் 66 ஹெக்டர் பரப்பில் ரைபிள் ரேஞ்சு பூங்கா வந்தது. முன்னாளில் கல்லுடைத்த பெருங்குழி ஒன்று அங்கு நன்னீர்ச் சதுப்பாக மாற்றப்பட்டுள்ளது. குன்றைக் குடைந்து கருங்கல் எடுத்த காயங்களே இன்று குன்றைக் காக்கும் அரண்களாக அமைந்தன என்பது வரலாற்றின் விந்தை. கோட்டையைச் சுற்றி அகழி வெட்டுவதுபோன்ற ஏற்பாடு இது. அகழியில் நீருக்குப் பதில் நிழலும் நடைவழியும் உள்ளன. இதனால் காப்பகத்திற்கு வருவோர் தொகை மெய்யாகவே குறையுமா, அல்லது பூங்காவைக் கண்டு சுவையறிந்தோர் அடுத்த வாரம் காட்டையே தேடி வருவரா என்பது காலம் காட்ட வேண்டியது.

காலடியை நெறிப்படுத்தியோரால் நெறிப்படுத்த இயலாதது ஒன்று உண்டு. அது சாலை. 1986-இல் நிறைவுற்ற புக்கிட் தீமா விரைவுச்சாலை, இக்குன்றையும் 2,000 ஹெக்டருக்கு மேற்பட்ட நடு நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாகப் பிளந்தது. அதுவரை ஒரே காடாக இருந்தவை ஆறுவழிச் சாலையின் இருகரைகளாயின. கடக்க முயன்ற எறும்புதின்னி முதலியன வண்டிகளில் அடிபட்டு இறந்தன. கடக்காதவை சிறு காட்டுக்குள் சிறைப்பட்டன. தனித்து நின்ற அக்கடைசிக் குரங்கு இறந்தது சாலை முடிந்த மறு ஆண்டில் என்பதை நினைக்க வேண்டும். அதன் கூட்டம் சாலைக்கு முன்பே தேய்ந்துவிட்டது எனினும், வெளியிலிருந்து துணை வரும் வழியைச் சாலை அடைத்துவிட்டது.

அவ்வழியை மீண்டும் திறப்பதற்காக 2011-இல் தொடங்கி 2013-இல் முடிக்கப்பட்டது ஒரு பாலம். 62 மீட்டர் நீளம். இடை சிறுத்த உடுக்கைபோன்ற வடிவம். மிகக் குறுகிய இடத்திலும் 50 மீட்டர் அகலம். அதன்மேல் மண் கொட்டி, இந்நாட்டுக்கே உரிய மரங்களும் செடிகளும் நடப்பட்டன. கீழே வண்டிகள் விரைந்து செல்ல, மேலே காடு வளர்கிறது. மறைத்து வைத்த நிழற்படக் கருவிகளில் எறும்புதின்னி முதலிய விலங்குகள் அதனைக் கடந்து செல்லும் காட்சிகள் பதிந்துள்ளன.

அப்பாலத்தில் இருக்கைகள் இல்லை. நிறமிட்ட வழிகாட்டிகள் இல்லை. பொதுமக்கள் விருப்பம்போல் அதில் ஏற இடமில்லை. விரைவுச்சாலையில் பேருந்தில் செல்வோர், தலைக்கு மேலே ஒரு நொடி நிழல் கவிந்து விலகுவதை மட்டும் காணலாம்.